ஆயிரம் நாள் தர்மம்

மயிலாப்பூரில் பங்குனி மாதத்து அறுபத்துமூவர் உற்சவத்தன்று மாடவீதிகளைச் சுற்றி வருகிறவன் பசியோடு வீடு திரும்ப முடியாது. ஒரு திண்ணையில் நீர்மோர், அடுத்த வாசலில் பானகம், தெருக்கோடியில் புளியோதரை, அதற்கப்பால் சர்க்கரைப் பொங்கல். “இப்போதுதான் சாப்பிட்டேன், ஐயா!” என்று சொன்னாலும் கேட்பார் இல்லை. “சுவாமி பேரால் கொடுக்கிறோம், வாங்கிக்கொள்ளுங்கள்” என்று தொன்னையைக் கையில் வைத்துவிடுவார்கள். கொடுக்கிறவர்களில் பணக்காரரும் உண்டு. மாதக் கடைசியில் கைம்மாற்று வாங்கிக் காலம் தள்ளுகிற குமாஸ்தாவும் உண்டு. ஈகை என்பது தமிழன் பிறரிடம் போய்க் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை அல்ல என்று அன்றைக்கு யாரும் மார்தட்டிச் சொல்லிக்கொள்ளலாம்.

மறுநாள் பொழுது விடிந்ததும் பந்தல்களைப் பிரித்துவிடுகிறார்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை. திருவிழா ஒரு நாள். தர்மமும் ஒரு நாள். வழிப்போக்கனுடைய தாகம் ஒரு குவளை மோரோடு தீர்ந்துவிடுகிறது. ஆனால் ஒரு குவளையோடும் ஒரு நாளோடும் தீராத துன்பங்கள் உலகத்தில் இருக்கின்றனவே, அவற்றுக்கு நம் முன்னோர் என்ன வழி கண்டார்கள்?

வழி கண்டுதான் இருந்தார்கள். சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுக்களைப் படித்தவர்களுக்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்ற அழகான தொடர் தெரிந்திருக்கும். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டும் என்று விரும்பியவர் ஒரு நாளைக்கு வேண்டிய நெய்யைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போய்விடவில்லை. தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகளைக் கோயிலுக்கு விட்டார். இடையர் ஒருவர் அவற்றை ஏற்றுக்கொண்டு, நாள்தோறும் அளந்த நெய்யைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஆடுகள் கிழடாகும், சாகும். ஆனால் குட்டிகள் பிறந்துகொண்டே இருக்குமாதலால், மந்தையின் எண்ணிக்கை குறையாது. ஆகவே கணக்கில் அந்த ஆடுகளுக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை! தர்மத்தைத் தொடங்குவது எளிது, தொடர்வது கடினம் என்பதை உணர்ந்த ஒருவர்தான் இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்திருக்க முடியும்.

இந்த இருவகைத் தர்மங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு வாசகர்கள் என்னோடு மயிலாப்பூரிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் வரவேண்டும். அடையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் காந்தி நகர். அங்கே இருக்கிறது புற்றுநோய் ஆஸ்பத்திரி. அந்த ஆஸ்பத்திரியின் கதையையும், அங்கே வருகிற குழந்தைகளின் கதையையும்தான் நான் சொல்லப் போகிறேன். ஐயோ, சோகக் கதை என்று எண்ணிப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இது பெரும்பாலும் பிழைத்தவர்களின் கதை. பிழைத்திருக்கக் கூடியவர்களின் கதையும் ஆகும்.

புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரைத் தமிழ் வாசகர்களுக்கு நான் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. ஆண்பிள்ளைகள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் நுழைந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி, பிறகு சென்னைச் சட்டசபையின் முதல் பெண் அங்கத்தினராகி, அதன் துணைத் தலைவராகவும் அமர்ந்தவர். தேவதாசி முறையை ஒழிக்க அவர் போராடியது எல்லாரும் அறிந்தது. குழந்தைகளுக்கென்று தனி வைத்தியப் பிரிவு வேண்டும் என்று சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, அரசாங்கத்தை இணங்கச் செய்ததும் அவர்தான் என்பது அவ்வளவாகப் பலருக்குத் தெரியாது.

அவருக்கு ஒரு தங்கை இருந்தார். 1923-இல் அந்தத் தங்கைக்கு உடம்பு சரியில்லாமற் போயிற்று. முதலில் சீதபேதி என்று எண்ணி அதற்கே மருந்து கொடுத்து வந்தார்கள். உண்மையில் அது குடலில் வந்த புற்று. தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்காள் டாக்டர், அக்காளின் கணவரும் டாக்டர், ஊரில் பேர்பெற்ற வைத்தியர்கள் எல்லாரும் அவர்களுக்குத் தெரிந்தவர்கள். இருந்தும் அந்த இளம் பெண் வலியில் துடித்து இறந்துபோனாள். டாக்டர் வீட்டிலேயே இந்தக் கதி என்றால் டாக்டரையே கண்ணால் பார்த்திராத கிராமத்துப் பெண்ணின் கதி என்ன? இந்த எண்ணம் அம்மையாரின் மனத்தில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

1925-இல் மேற்படிப்புக்காக லண்டனுக்குப் போனபோது அங்கே புற்றுநோய்க்கென்றே தனியாக ஓர் ஆஸ்பத்திரி நடப்பதைக் கண்டார். காலத்தோடு கண்டுபிடித்தால் கத்தியாலும் ரேடியத்தாலும் இந்த வியாதியை வெல்லலாம் என்று தெரிந்துகொண்டார். ஊர் திரும்பிய பிறகு வேறு எத்தனையோ பணிகள். அநாதைப் பெண்களுக்காக ஔவை இல்லத்தைத் தொடங்கினார். ஆனால் முள் மட்டும் தைத்த இடத்திலேயே இருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா 1935-இல் நடந்தபோது, இந்த ஊரில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரி வேண்டும் என்ற தம் ஆசையைச் சபையில் வெளியிட்டார்.

ஆசையை வெளியிட்டவுடனே காரியம் நடந்துவிடுமா? அந்த நாட்களில் மந்திரியாக இருந்த ஒருவர், புற்றுநோய் வந்தவர்கள் எப்படியும் சாகப் போகிறவர்கள்தானே, அவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்ற தோரணையில் பதில் சொன்னதாக ஒரு வரலாறு உண்டு. அவரை மட்டும் குறை சொல்வானேன்? ஊரே அப்படித்தான் நினைத்தது. வியாதியின் பெயரைக் கூட உரக்கச் சொல்ல மாட்டார்கள். “அவருக்கு அந்த வியாதியாம்” என்று குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பிழைக்கப் போகிறவனுக்குக் கொடுத்தால் தர்மம். சாகப் போகிறவனுக்குக் கொடுத்தால் விரயம். இதுதான் ஊராரின் கணக்கு.

அடையாற்றில் 1917-இல் தோன்றிய இந்திய மாதர் சங்கம் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. 1949-இல் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்று ஆரம்பமாயிற்று. அம்மையாரும், மேல்நாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பிய அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் பணம் திரட்டப் புறப்பட்டார்கள். 1952 அக்டோபர் 10-ஆம் தேதி பிரதமர் ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் தேதி ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. ஆஸ்பத்திரி என்றால் பெரிய மாளிகையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு சிறு கட்டிடம், பன்னிரண்டு படுக்கைகள், அவ்வளவுதான்.

தங்கை இறந்தது 1923. கதவு திறந்தது 1954. இடையே முப்பத்தொரு வருஷம்! அம்மையாருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. துக்கம் என்பது நம்மில் பெரும்பாலோருக்குப் பதின்மூன்றாம் நாளோடு முடிகிறது. மிஞ்சினால் வருஷாப்தீகம் வரையில். முப்பத்தொரு வருஷம் ஒரு துக்கத்தைக் கெட்டுப்போகாமல் பாதுகாத்து, அதைப் பன்னிரண்டு படுக்கைகளாக மாற்றியவரை என்னவென்று சொல்வது? சாவா மூவாப் பேராடு என்று சொன்னேனே, அது இதுதான்.

அடுத்த ஆண்டு, 1955 ஏப்ரலில், மயிலாப்பூரிலிருந்து ஓர் இளம் பெண் டாக்டர் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். பெயர் வி. சாந்தா. ஸர் சி. வி. ராமன் அவருடைய பாட்டனாருக்கு உடன்பிறந்தவர். வானநூல் மேதை சந்திரசேகர் அவருக்குத் தாய்மாமன். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அரசாங்க ஆஸ்பத்திரியில் நல்ல உத்தியோகம் காத்திருந்தது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டு படுக்கை ஆஸ்பத்திரிக்குப் போவதாக அவர் சொன்னபோது தெரிந்தவர்கள் திகைத்தார்கள். முதல் மூன்று வருஷம் சம்பளம் கிடையாது. பிறகு மாதம் 200 ரூபாயும் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே குடியிருக்க இடமும் கிடைத்தன. 2021 ஜனவரி 19-ஆம் தேதி தொண்ணூற்று மூன்றாம் வயதில் கண்மூடும் வரையில், அறுபத்தைந்து வருஷங்களுக்கு மேல், அவருடைய வாழ்க்கை முழுவதும் அந்த ஆஸ்பத்திரியோடுதான் கழிந்தது. அந்த இடைக்காலத்தில் பன்னிரண்டு படுக்கைகள் ஐந்நூறுக்கு மேல் பெருகின.

1960-இல் அந்த ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு ஏற்பட்டது. குழந்தைகளுக்கு வரும் புற்றுகளில் மிகுதியானது ரத்தப் புற்று. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் நம் உடம்பின் ரத்தம் உற்பத்தியாகிறது. அங்கே முதிராத வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடுகின்றன. குழந்தை வெளுத்துப் போகிறது. காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. லேசாக இடித்துக்கொண்டாலும் தோலில் நீலம் பாரிக்கிறது. 1960-இல் இதற்கு மருந்து இருந்தது. ஆனால் அந்த மருந்து வியாதியைச் சில மாதங்கள் ஒதுங்கியிருக்கச் செய்யும், விரட்டிவிடாது. அந்தச் சில மாதங்களைக் கொடுத்த மருந்து எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால் சென்னைக்கே திரும்பி வர நேரிடுகிறது. அதுதான் இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் வியப்பளிக்கிற பகுதி.

பீமவரத்தில் 1895-இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், மாநிலக் கல்லூரியிலும், பிறகு மருத்துவக் கல்லூரியிலும் படித்தார். ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து சந்நியாசியாகிவிட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். தாயார் சம்மதிக்கவில்லை. காந்திஜியின் சொல்லைக் கேட்டுக் கதர்ச் சட்டை அணிந்து ரணசிகிச்சை வகுப்புக்குப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. முழுப் பட்டம் கைநழுவி, அதற்குக் குறைந்த பட்டமே கிடைத்தது. அவருடைய சகோதரர் இருவரை ஒரு வார இடைவெளியில், ஸ்ப்ரூ என்ற தீராத வயிற்றுப்போக்கு நோய் கொண்டுபோயிற்று. அமெரிக்கா போய் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று துடித்தவருக்குக் கப்பல் கட்டணத்துக்குப் பணம் இல்லை. காக்கிநாடாவில் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் என்ற வர்த்தகர் விட்டுச்சென்ற தர்ம நிதியும், மாமனார் வீட்டாரும் கைகொடுத்தார்கள்.

தர்ம நிதியின் நிர்வாகிகள் அந்தப் பணத்தைக் கொடுத்தபோது என்ன நினைத்துக் கொடுத்திருப்பார்கள்? படிக்க ஆசைப்படுகிற ஏழைப் பையன், போய் வரட்டும் என்றுதான் நினைத்திருப்பார்கள். அந்தப் பையன் பிற்காலத்தில் அமெரிக்காவில் லெடர்லே என்ற மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சித் தலைவரானார். தம் சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு மருந்தாகும் ஃபோலிக் அமிலத்தை அவருடைய குழு செயற்கையாகத் தயாரித்தது. அந்தச் சத்து ரத்த அணுக்களை வளர்க்கிறது. அப்படியானால் அதைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே போய், அணுக்களின் வளர்ச்சியைத் தடுக்கிற ஒரு பொருளையும் செய்யலாம் அல்லவா? அப்படிச் செய்த பொருளைத்தான் பாஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி ஃபார்பர் 1947-இன் கடைசியில் ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்குக் குணம் தெரிந்தது. படுக்கையில் கிடந்த குழந்தைகள் எழுந்து நடந்தார்கள். சில மாதங்களுக்குத்தான் என்றாலும், அதுவரையில் உலகத்தில் எந்த வைத்தியரும் கண்டிராத காட்சி அது. அந்த மருந்தின் வழியில் வந்த மெதோட்ரெக்ஸேட் இன்றைக்கும் அடையாற்றுக் குழந்தைகளின் மருந்துப் பெட்டியில் இருக்கிறது. சுப்பாராவ் 1948 ஆகஸ்டில் காலமாகிவிட்டார். காக்கிநாடாவில் கொடுத்த தர்மம் பாஸ்டன் வழியாகச் சுற்றிக்கொண்டு காந்தி நகருக்கு வந்து சேர்ந்தது!

அதே 1948-இல் பாஸ்டனில் இன்னொரு சம்பவமும் நடந்தது. ஃபார்பரின் ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டியிருந்தது. வயிற்றில் புற்று வந்த ஒரு பன்னிரண்டு வயதுப் பையனுக்கு ‘ஜிம்மி’ என்று புனைபெயர் சூட்டி, அவன் படுக்கையருகிலிருந்து வானொலியில் பேச வைத்தார்கள். அவனுக்குப் பிடித்த பேஸ்பால் ஆட்டக்காரர்கள் அவனைச் சூழ்ந்து நின்றார்கள். இரண்டு லட்சம் டாலருக்கு மேல் வந்து குவிந்தது. பையன் இறந்துவிட்டான் என்றே பிற்பாடு பலரும் நினைத்திருந்தார்கள். அப்படித்தானே நினைப்பார்கள்? ஐம்பது வருஷத்துக்குப் பிறகு, 1998-இல், ஜிம்மி வெளிப்பட்டார். லாரி ஓட்டிப் பிழைத்து, பேரன் பேத்தி எடுத்த கிழவராக! நான் ஒரு நாவலில் இப்படி எழுதினால், நம்பும்படியாக இல்லை என்று நேயர்கள் கடிதம் எழுதுவார்கள்.

கதை எழுதுகிறவர்களுக்கும் படம் எடுக்கிறவர்களுக்கும் இந்த வியாதி வெகு காலமாக ஒரு வசதியான கருவி. 1982-இல் வந்த ‘வாழ்வே மாயம்’ முதலாக எத்தனை படங்களில் கதாநாயகனைப் புற்று கொண்டுபோயிருக்கிறது! 1994-இல் வந்த ‘நம்மவர்’ படத்தின் கதாநாயகனுக்கும் ரத்தப் புற்றுத்தான். அந்தப் படத்துக்கு இசை அமைத்த மகேஷையும் பிற்பாடு புற்றுநோயே கொண்டுபோயிற்று. அவருடைய நினைவாக நண்பர்கள் செய்தது என்ன தெரியுமா? அடையாற்று ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்காக ஒரு வார்டு கட்டிக் கொடுத்தார்கள். கதையில் மரணத்துக்குக் காரணமாக வந்த வியாதி, வாழ்க்கையில் குழந்தைகள் பிழைப்பதற்கு ஓர் இடமாக முடிந்தது.

பிழைப்பதற்கு என்று துணிந்து எழுதுகிறேன். அமெரிக்காவில் டானி தாமஸ் என்ற நடிகர் 1962-இல் மெம்ஃபிஸ் நகரத்தில் குழந்தைகளுக்கென்று ஓர் இலவச ஆஸ்பத்திரியை நிறுவியபோது, ரத்தப் புற்றின் முக்கியமான வகை வந்த நூறு குழந்தைகளில் நாலு பேர்தான் பிழைத்தார்கள். இன்று அங்கே தொண்ணூறுக்கு மேல் பிழைக்கிறார்கள். புதிதாக ஏதோ ஒரு சஞ்சீவி மூலிகை கிடைத்துவிட்டதா? இல்லை. இருந்த மருந்துகளையே பலவாகச் சேர்த்து, முறை வகுத்து, விடாமல் கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள். 1984-இல் தொடங்கி அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிலையத்தாரோடு அடையாறு, பம்பாய் டாட்டா, டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளின் டாக்டர்கள் சேர்ந்து, நம் நாட்டுக்கு ஏற்ற ஒரு சிகிச்சை முறையைக் கையாண்டார்கள். ஐந்தில் ஒரு குழந்தை பிழைப்பதே அரிது என்ற நிலை மாறி, ஏறக்குறையப் பாதிக் குழந்தைகள் பிழைக்கும் காலம் வந்தது. அதற்குப் பிறகு இன்னும் முன்னேற்றம் உண்டு.

எனினும் உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிற கணக்கு நம்மைத் தலைகுனிய வைக்கிறது. பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் முப்பதுக்கும் குறைவு. வியாதி ஒன்று, மருந்தும் பெரும்பாலும் ஒன்று. பின் வித்தியாசம் எங்கே?

வித்தியாசம் நாட்கணக்கில் இருக்கிறது. ரத்தப் புற்றுக்கு வைத்தியம் ஏறக்குறைய இரண்டரை வருஷம், சில சமயம் மூன்று வருஷம். ஆயிரம் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு விசித்திரம் என்னவென்றால், முதல் ஒன்றிரண்டு மாதத்திலேயே குழந்தை பார்வைக்கு நன்றாகிவிடுகிறது. காய்ச்சல் போய்விடும், பசி எடுக்கும், விளையாடும். மீதியுள்ள எண்ணூறு, தொள்ளாயிரம் நாளும் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் அணுக்களைத் தேடி அழிப்பதற்காக. அதை நடுவில் நிறுத்தினால் வியாதி திரும்பி வரும். முன்னைவிட மூர்க்கமாக வரும்.

காந்தி நகர் பஸ் நிறுத்தத்தில் ஒரு நாள் திருவண்ணாமலைப் பக்கத்துத் தகப்பனார் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஆறு வயதுப் பெண் குழந்தை. தலையில் முடி பூனைமயிர்போல அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. கையில் ஒரு பலூனை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது.

“குழந்தை இப்போது சௌக்கியமா?” என்று கேட்டேன்.

“நல்லா இருக்குதுங்க. ஓடியாடி வெளையாடுது. பாத்தா சீக்குக்காரப் புள்ளைன்னே சொல்ல முடியாது. ஆனா டாக்டரம்மா இன்னும் ஒன்றரை வருசம் வரணும்ங்கறாங்க.”

“மருந்துச் செலவு அதிகமோ?”

“மருந்துக்குப் பணம் கேக்கலிங்க. வந்து போறதுக்குத்தான். நாலு தபா வந்து போனா ஒரு ஆடு போவுது, சார். ஏழு ஆடு இருந்திச்சு. இப்ப ரெண்டு இருக்குது.”

அவர் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். பஸ் வந்தது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார். ஏழு ஆட்டுக்காரரின் மந்தையில் குட்டி போடுவதற்கு அவகாசம் இல்லை. இரண்டு ஆடும் தீர்ந்த பிறகு என்ன நடக்கும் என்பதை வைத்திய உலகம் நன்றாக அறியும். டாக்டர்கள் அதற்கு ஒரு வரையறையே வைத்திருக்கிறார்கள். வரவேண்டிய குழந்தை தொடர்ந்து நாலு வாரம் வராவிட்டால், வைத்தியத்தைக் கைவிட்டதாகப் பொருள். கைவிட்டது யார்? பெற்றவர்களா? குழந்தையோடு தாயும் தகப்பனும் வந்துவிட்டால் இரண்டு கூலி நின்றுபோகிறது. பட்டணத்தில் தங்க வாடகை. ஊரில் மற்றக் குழந்தைகளைப் பாட்டி பார்த்துக்கொள்கிறாள். பாட்டிக்கு எத்தனை நாள் தெம்பு இருக்கும்? ‘குழந்தைதான் நன்றாக இருக்கிறதே, அறுவடை முடிந்து போகலாம்’ என்று ஒரு தகப்பன் நினைத்தால், கல் மனத்துக்காரன் என்று அவனைச் சொல்லிவிட முடியுமா?

தமிழ்நாட்டு அரசாங்கம் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தையும், 2012-இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தையும் கொண்டுவந்த பிறகு ஏழைகளின் ஆஸ்பத்திரிச் செலவில் பெரும் பகுதி குறைந்திருக்கிறது. ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருகிறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. இவை பெரிய காரியங்கள். ஆனால் நின்றுபோன கூலிக்கும், பட்டணத்து வாடகைக்கும், பாட்டியின் முதுகுவலிக்கும் காப்பீடு இல்லை. இந்த இடைவெளியில்தான் தர்மம் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

நம் ஊருக்கு இது புதிதல்ல. 1782-இல் பஞ்சம் வந்தபோது வடசென்னையில் கஞ்சித்தொட்டி வைத்தார்கள். அது மணியக்காரர் சத்திரமாகி, அங்கே நோயாளிகளையும் கவனிக்கத் தொடங்கி, கடைசியில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. சென்ட்ரல் ஸ்டேஷன் அருகில் ராஜா ஸர் சவலை ராமசாமி முதலியார் 1888-இல் கட்டிய சத்திரத்தில் வெளியூர்க்காரர் எத்தனையோ பேர் தங்கிப் போயிருக்கிறார்கள். ஆனால் சத்திரம் என்றால் பொதுவாக இரண்டு நாள், மூன்று நாள். ஆயிரம் நாள் சத்திரத்தை நம் முன்னோர் நினைத்துப் பார்க்கவில்லை. நினைக்க வேண்டிய அவசியமும் அப்போது இல்லை. பம்பாயில் 2006-இல் ஒரு தம்பதியர் அதை நினைத்தார்கள். சிகிச்சை முடிகிற வரையில் குழந்தையும் பெற்றோரும் வாடகையில்லாமல் தங்குவதற்கு செயின்ட் ஜூட்ஸ் என்ற பெயரில் இல்லங்களைத் தொடங்கினார்கள். அவை பிறகு சென்னைக்கும் வந்தன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அறை. பொதுவான சமையல் கூடம். அவரவர் ஊர்ப் பக்குவத்தில் அவரவர் சமைத்துக்கொள்ளலாம். ரசத்தில் புளி கூடிப்போனதற்காகத் தாய் ஒருத்தி இன்னொருத்தியைக் கேலி செய்யக்கூடிய இடத்தில், நோய் ஒரு படி இறங்கித்தான் நிற்கும்.

பணம் மட்டுமா? ரத்தமும் வேண்டும். சிகிச்சையின்போது ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துபோனால் குழந்தைக்கு வேறொருவரின் தட்டணுக்களை ஏற்ற வேண்டும். சிவப்பணுக்களைக் குளிர்பெட்டியில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கலாம். தட்டணுக்கள் அப்படியல்ல, ஐந்தே நாள்தான். சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பது நம் நாட்டில் நின்றுவிட்டது. நல்லதுதான். ஆனால் அதன் பொருள், யாராவது ஒருவர் மனமுவந்து வந்து கையை நீட்டினால்தான் உண்டு என்பது. தலைவர் பிறந்தநாளில் நூறு பேர் வரிசையில் நின்று ரத்தம் கொடுக்கிறார்கள். அந்தத் தட்டணு ஆறாம் நாள் உதவாது. நூறு பேரும் ஒரே நாளில் வராமல், மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை முறைவைத்து வந்தால் எவ்வளவு நன்மை! தாலசீமியா என்ற பிறவி ரத்தக் குறை உள்ள குழந்தைக்கு இரண்டு வாரம், நாலு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அதுவும் ஆயிரம் நாளல்ல, ஆயுள் முழுதும்.

தியாகராய நகரில் பண்டிகைக்குத் துணி வாங்கப் போகிறோம். கடை வாசலில் கை நீட்டுகிற குழந்தைக்குச் சில்லறை போடுகிறோம், மனம் லேசாகிறது. அது இயற்கை. ஆனால் புற்றுநோய் வந்த குழந்தைக்குச் செய்கிற உதவியில் இப்படி உடனே மனம் லேசாகிவிடாது. இன்றைக்கு ஒரு குடும்பத்தின் பஸ் செலவை ஏற்றுக்கொண்டால் அடுத்த மாதமும் ஏற்க வேண்டும், அதற்கடுத்த மாதமும். குழந்தை நன்றாகிவிட்டதே என்று பெற்றவர்களுக்கு வரும் எண்ணம் கொடுப்பவருக்கும் வரும். கைவிடுதல் என்ற வியாதி தகப்பனுக்கு மட்டும் வருவதல்ல, தர்மவானுக்கும் வரும். அவரும் நாலு வாரம் வராமல் இருந்துவிடலாம்.

ஆகையால் பெருந்தொகை கொடுக்கிற ஒருவரைவிடச் சிறுதொகையை மறவாமல் கொடுக்கிற பத்துப் பேர் இந்தக் காரியத்துக்கு மேலானவர்கள். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து, மூன்று வருஷத்துக்கு ஒரு குழந்தையின் பஸ் கட்டணம் எங்கள் பொறுப்பு என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். ஒருவர் ஊர் மாறிப் போனால், போவதற்கு முன் இன்னொருவரைத் தம் இடத்தில் சேர்த்துவிட்டுப் போக வேண்டும். ஒரு கிழ ஆட்டுக்கு ஒரு குட்டி. ஆயிரத்தோராவது நாள் அந்தப் பெண் குழந்தை பள்ளிக்கூடத்துப் பையைத் தூக்கிக்கொண்டு திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மற்றக் குழந்தைகளோடு நடந்து போகும். அன்றைக்கு அதன் வீட்டுத் தொழுவத்தில் இரண்டு ஆடாவது மிஞ்சியிருக்க வேண்டும்.